முதலில் ஐந்து பேரை உட்கார வையுங்கள்

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர இயலாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தரப்படுகிறது.)



நம் சங்கத்திற்கென்று ஒரு வலைத்தளம் செய்வதாகச் செயற்குழு முடிவெடுத்திருப்பது உங்களுக்குத் தெரியும். மூன்று நிறுவனங்களிடமிருந்து கொட்டேஷன் வந்திருக்கிறது. அடுத்த பொதுக்குழுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் போகிறோம். தளம் வந்தபிறகு பராமரிப்புக் கட்டணம், தண்ணீர்க் கட்டணம், குழாய் ஒழுகுகிறது என்கிற புகார், விருந்தினர் வருகைப் பதிவு, ஹால் புக்கிங் எல்லாம் அதன் வழியாகத்தான். ஆபீஸ் அறையில் செக் வாங்குகிற கவுன்ட்டரை ஆறு மாதத்தில் மூடிவிடுவதாகவும் திட்டம்.

தளம் வருவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். 10ஆம் தேதிக்குள் கட்டணம் வராவிட்டால் அபராதம் என்பது நம் விதி. இன்றைக்கு நோட்டீஸ் போர்டில் பாக்கிப் பட்டியல் தொங்கினால், அதில் இருப்பவர் கட்ட மறந்தவராக இருப்பார், அல்லது கட்ட முடியாதவராக இருப்பார். கவுன்ட்டரை மூடியபிறகு, கையில் பணத்தை வைத்துக்கொண்டு எந்தப் பட்டனை அழுத்துவது என்று தெரியாமல் விழிப்பவரும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடுவார். பட்டியலைப் பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டிவந்த 75 வயதுப் பெரியவருக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.காம். முடித்து வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். ஆனால் என் மகள் வலைத்தளம் செய்துகொடுக்கும் நிறுவனம் ஒன்றில் பல வருடமாக வேலை பார்க்கிறாள். கொட்டேஷன்களைப் புரிந்துகொள்வதற்காக அவளிடம் நிறையக் கேட்டேன். நானும் கொஞ்சம் படித்தேன். அந்த மூன்று கொட்டேஷன்களில் இரண்டில் 'யூஎக்ஸ் டிசைன்' என்று ஒரு வரி இருக்கிறது. மூன்றாவதில் அந்த வரியே இல்லை. விலை குறைவாக இருப்பதும் அதுதான். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

யூஎக்ஸ் என்றால் யூசர் எக்ஸ்பீரியன்ஸ். தமிழில் பயனர் அனுபவம் என்கிறார்கள். டொனால்ட் நார்மன் என்கிற அமெரிக்க உளவியல் பேராசிரியர் 1993இல் ஆப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தபோது தன் பதவிப் பெயரிலேயே இந்தச் சொல்லை வைத்துக்கொண்டார். அதற்கு முன்பே, 1988இல், அன்றாடப் பொருட்களின் வடிவமைப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருந்தார். அதில் கதவைப் பற்றிச் சொல்வது வேடிக்கையாக இருக்கும். ஒரு கதவைத் தள்ளுவதா, இழுப்பதா என்று தெரியாமல் நீங்கள் தடுமாறினால், குற்றம் உங்கள் மேல் இல்லை, கதவைச் செய்தவர் மேல் என்கிறார். கதவின் கைப்பிடியைப் பார்த்தவுடனே கைக்குத் தெரிந்துவிட வேண்டும். 'தள்ளவும்' என்று போர்டு மாட்டவேண்டி வந்தால், அந்தக் கதவு சரியில்லை.

இதைப் படித்தபோது எனக்கு வங்கி நினைவுதான் வந்தது. உங்களில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். டிராஃப்ட் படிவம், பணம் கட்டும் செலான் இதையெல்லாம் பூர்த்திசெய்து ஒரு மாதிரியைச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். எந்தக் கட்டத்தில் பெயர், எந்தக் கட்டத்தில் தொகை என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும். அப்படியும் கவுன்ட்டருக்கு வருகிறவர்கள் அதே இரண்டு கட்டத்தில்தான் தப்பாக எழுதுவார்கள். நூறு பேர் ஒரே இடத்தில் தப்பு செய்கிறார்கள் என்றால் நூறு பேருமா படிக்காதவர்கள்? அந்த இடத்தில் படிவம் கோணலாக இருக்கிறது என்று அர்த்தம். படிவத்தை அச்சடித்தவர் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் ஒரு நாள் நின்று பார்த்திருந்தால் அடுத்த பதிப்பில் சரிசெய்திருப்பார்.

"நம் தளத்தில் அப்படித் தப்பு நடந்தால் சரிபார்க்க ஆள் போட்டுக்கொள்ளலாமே" என்று ஒரு நண்பர் கேட்டார். வங்கியில் நாங்கள் மேக்கர், செக்கர் என்று சொல்வோம். ஒருவர் பதிவு செய்வார், இன்னொருவர் சரிபார்ப்பார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் திரையே குழப்பமாக இருந்தால் அந்த ஏற்பாடும் காப்பாற்றாது. அதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு.

2020 ஆகஸ்ட் 11 அன்று அமெரிக்காவின் சிட்டிபேங்க், ரெவ்லான் என்கிற அழகுசாதனக் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு வட்டி பட்டுவாடா செய்ய வேண்டியிருந்தது. கம்பெனி சார்பில் வட்டியை வாங்கிப் பிரித்துக் கொடுப்பது மட்டுமே வங்கியின் வேலை. தொகை சுமார் 78 லட்சம் டாலர். அவர்களுடைய மென்பொருளில் அன்றைக்கு இருந்த முறைப்படி, அசல் முழுவதையும் கணக்கில் தீர்ப்பது போலக் காட்டி, அந்த அசலை வெளியே போகவிடாமல் வங்கியின் உள்கணக்கு ஒன்றுக்குத் திருப்ப வேண்டும். வட்டி மட்டும் வெளியே போகும். அசல் உள்ளேயே நிற்பதற்குத் திரையில் மூன்று கட்டங்களை டிக் செய்ய வேண்டும். 'பிரின்சிபல்', 'ஃபிரன்ட்', 'ஃபண்ட்' என்று அவற்றுக்குப் பெயர். அசல் என்று எழுதியிருக்கும் முதல் கட்டத்தை மட்டும் டிக் செய்தால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படித்தான் செய்தார்கள்.

பதிவு செய்தவர் ஒருவர், சரிபார்த்தவர் ஒருவர். இருவரும் இந்தியாவில் இருந்த ஒப்பந்த நிறுவன ஊழியர்கள். கடைசியாக அனுமதி கொடுத்தவர் அமெரிக்காவில் இருந்த வங்கி அதிகாரி. ஆறு கண்கள் பார்த்தன. ஆறு கண்களுக்கும் சரியாகத்தான் தெரிந்தது. பணம் வங்கியை விட்டு வெளியே போகப்போகிறது, தொடரலாமா என்று திரை ஒரு எச்சரிக்கையும் காட்டியது. எவ்வளவு பணம் என்று அதில் இல்லை. வட்டி வெளியே போகத்தானே வேண்டும், தொடரலாம் என்று அழுத்தினார்கள். வங்கியின் சொந்தப் பணம் ஏறத்தாழ 90 கோடி டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 6,700 கோடி ரூபாய், வெளியே போய்விட்டது.

சிலர் திருப்பிக் கொடுத்தார்கள். சுமார் 50 கோடி டாலரைத் திருப்பித் தர முடியாது என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். 2021 பிப்ரவரியில் நீதிமன்றமும் அவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்றது. 2022 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம்தான் அந்தத் தீர்ப்பை மாற்றியது. இரண்டு வருடம் வழக்கு. அந்த எச்சரிக்கைப் பெட்டியில் தொகையை மட்டும் காட்டியிருந்தால் மூன்று பேரில் ஒருவராவது நிறுத்தியிருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன். 40 வருடம் வவுச்சர் பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், அந்த மூன்று பேரையும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு உதாரணம். அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீட்டுக்காக ஹெல்த்கேர் டாட் கவ் என்கிற தளத்தை 2013 அக்டோபர் 1 அன்று திறந்தது. லட்சக்கணக்கானோர் வந்தார்கள். முதல் நாளில் பதிவை முடிக்க முடிந்தவர்கள் 6 பேர் என்று பின்னால் வெளியான குறிப்புகள் சொல்கின்றன. எந்தத் திட்டம் என்ன விலை என்று பார்ப்பதற்கு முன்பே கணக்குத் தொடங்கியாக வேண்டும் என்று கடைசி நேரத்தில் வைத்தார்கள். கடைக்குள் நுழையும்போதே ஆதார் கேட்பது மாதிரி. எல்லோரும் அந்த வாசலிலேயே நின்றுவிட்டார்கள். தளத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை முழுதாகச் சோதித்தது கடைசி இரண்டு வாரத்தில்தான் என்று ஒப்பந்ததாரர்கள் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார்கள். பணத்துக்குக் குறைவில்லை, ஆளுக்கும் குறைவில்லை. முன்கூட்டியே நாலு பேரை உட்கார வைத்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

சரி, ஒழுங்கான நிறுவனம் எப்படி வேலை செய்யும்? மகள் சொன்னதை நம் வீட்டுக் கணக்கில் சொல்கிறேன்.

இந்த ஃபிளாட்டை வாங்கும்போது எல்லோரும் முதலில் பார்த்தது பிளான். அதில் வண்ணம் இல்லை, டைல்ஸ் இல்லை. கோடுகள்தான். ஆனால் சமையலறையிலிருந்து பால்கனிக்கு வழி இருக்கிறதா, பாத்ரூம் கதவு ஹாலைப் பார்த்து இருக்கிறதா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். பிளானில் சுவரை நகர்த்த ஒரு ரப்பர் போதும். கட்டியபிறகு நகர்த்த சுத்தியல் வேண்டும், சண்டையும் வேண்டும். வலைத்தளத்துக்கும் அப்படி ஒரு பிளான் உண்டு. வயர்ஃபிரேம் என்பார்கள். வெறும் சாம்பல் நிறக் கட்டங்கள்: இங்கே மெனு, இங்கே 'பணம் செலுத்த', இங்கே ரசீது. அதைப் பார்த்தவுடன் "என்ன இது, கலரே இல்லையே" என்று நாம் முகம் சுளிக்கக் கூடாது. கலர் இல்லாததால்தான் எது எங்கே இருக்கிறது என்று பேச முடிகிறது.

வயர்ஃபிரேமுக்கும் முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது. டிஸ்கவரி என்று பெயர். நிறுவனத்திலிருந்து ஆள் வந்து பயன்படுத்தப் போகிறவர்களிடம் பேசுவார்கள். செயலாளரிடம் பேசினால் செயலாளருக்கு வேண்டியது தெரியும். வாசலில் நிற்கும் செக்யூரிட்டி ராத்திரி 11 மணிக்கு ஒரு கையில் டார்ச்சும் ஒரு கையில் போனுமாக விருந்தினர் பெயரை எப்படிப் பதிவு செய்வார் என்பது அவர் பக்கத்தில் நின்றால்தான் தெரியும். பிளம்பரிடம் புகார் எப்படிப் போய்ச் சேருகிறது என்பது பிளம்பரைக் கேட்டால்தான் தெரியும்.

அதன்பிறகு தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு மாதிரி செய்வார்கள். புரோட்டோடைப். பின்னால் எந்த மென்பொருளும் ஓடாது. படங்கள் மட்டும் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். காகிதத்தில் வரைந்துகூடச் செய்யலாம். இந்தக் கட்டத்தில்தான் சோதனை நடக்க வேண்டும்.

எத்தனை பேரை வைத்துச் சோதிப்பது? ஜேக்கப் நீல்சன் என்கிற டென்மார்க் நாட்டு நிபுணர் 2000இல் ஒரு கணக்குச் சொன்னார். ஒருவரை உட்கார வைத்துப் பார்த்தாலே குறைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தெரிந்துவிடும். 5 பேரைப் பார்த்தால் சுமார் 85 சதவீதம் தெரிந்துவிடும். ஆறாவது ஆளிடமிருந்து பெரும்பாலும் முன்பு பார்த்ததையேதான் பார்ப்போம். அதனால் ஒரே தடவையில் 15 பேரை வைப்பதைவிட, 5 பேரை வைத்துப் பார்த்துத் திருத்தி, மறுபடி 5 பேர், மறுபடி 5 பேர் என்று மூன்று சுற்று வைப்பது நல்லது என்றார். இது உத்தேசக் கணக்குதான். பயன்படுத்துகிறவர்கள் வெவ்வேறு வகையினராக இருந்தால் ஒவ்வொரு வகையிலும் சிலரைப் பார்க்க வேண்டும் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். நமக்குப் பெரியவர்கள் ஒரு வகை, வேலைக்குப் போகிறவர்கள் ஒரு வகை, செக்யூரிட்டி, ஆபீஸ் ஊழியர்கள் ஒரு வகை.

சோதனை எப்படி என்றால், ஒருவர் கையில் போனைக் கொடுத்து, "உங்கள் இந்த மாதக் கட்டணத்தைக் கட்டுங்கள்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பிறகு வாயைத் திறக்கக் கூடாது. "மேலே பாருங்கள் மாமா, அந்த மூன்று கோட்டைத் தொடுங்கள்" என்று சொல்லிக்கொடுத்தால் சோதனை கெட்டது. நாளைக்கு அவர் வீட்டில் தனியாக இருக்கும்போது மூன்று கோட்டைக் காட்ட யார் இருப்பார்கள்? மனதில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிவிட்டு, எங்கே விரல் நிற்கிறது, எங்கே திரும்பிப் போகிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அவர் தவறு செய்தால் அது நமக்கு லாபம்.

இப்போது நம் பக்கத்துப் பொறுப்பு. நிறுவனத்தை மட்டும் சொல்லிப் பயனில்லை. வேலை தாமதமாவதற்குப் பாதிக் காரணம் வாடிக்கையாளர்தான் என்று மகள் அடிக்கடி புலம்புவாள். எங்கும் நடப்பது இதுதான். செயற்குழுவில் ஒன்பது பேர் இருந்தால் ஒன்பது பேரும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் திருத்தம் அனுப்புவார்கள். எம்பளம் இன்னும் பெரிதாக வேண்டும், தலைவர் போட்டோ முதல் பக்கத்தில் வேண்டும். தலைவர் மன்னிக்க வேண்டும், முதல் பக்கத்தைத் திறக்கிறவர் உங்களைப் பார்க்க வரவில்லை, பணம் கட்ட வருகிறார். இரண்டாவது, தளத்தில் போட வேண்டிய விஷயங்களை, அதாவது விதிமுறைகள், கட்டண விவரம், போன் எண்கள் ஆகியவற்றை நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். அது வராத வரை அவர்கள் அர்த்தமில்லாத லத்தீன் வரிகளை நிரப்பி வடிவமைப்பார்கள். பிறகு 'பராமரிப்புக் கட்டணம் செலுத்த' என்கிற தமிழ் வாசகம் வந்து உட்காரும்போது பட்டன் பிதுங்கும். ஆகவே முதலிலேயே உண்மையான தமிழ் வாசகத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

இதையெல்லாம் வைத்து, ஒர்க் ஆர்டரில் சேர்க்க வேண்டியவை என்று சிலவற்றைச் செயற்குழுவின் முன் வைக்கிறேன்.

ஒன்று, மென்பொருள் எழுதத் தொடங்கும் முன் மாதிரியை வைத்து 5 பேர் சோதனை, திருத்தியபின் இன்னொரு 5 பேர் சோதனை. இரண்டின் முடிவும் எழுத்தில் வர வேண்டும். இரண்டாம் தவணைப் பணம் அதற்குப் பிறகுதான்.

இரண்டு, நம் தரப்பில் பேசுவதற்கு ஒரே ஒருவர். மற்றவர்கள் கருத்தை அவரிடம் சொல்லலாம். ஒப்புதல் கொடுத்த பிறகு கேட்கிற மாற்றத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதையும் அது எவ்வளவு என்பதையும் முன்பே எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்று, எழுத்து கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து இப்போது நாகரிகமாம். இணையத் தரங்களை வகுக்கிற அமைப்பின் விதிப்படி சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 என்கிற அளவிலாவது வேறுபாடு இருக்க வேண்டும். கண் புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நான்கு, பணம் செலுத்தும் கடைசித் திரையில் ஃபிளாட் எண், எந்த மாதத்துக்கான கட்டணம், தொகை மூன்றும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சிட்டிபேங்க் கதையை மறக்க வேண்டாம்.

ஐந்து, தளத்தின் பெயர்ப்பதிவு, அதாவது டொமைன், சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். ஹோஸ்டிங் கணக்கும் அட்மின் பாஸ்வேர்டும் சங்கத்திடம் இருக்க வேண்டும். வீட்டைக் கட்டிக் கொடுத்தவரே பத்திரத்தையும் வைத்துக்கொள்ளலாமா? வருடாந்திரப் பராமரிப்புக்கு எவ்வளவு, அதில் எது அடக்கம் என்பதையும் இப்போதே கேட்டுவிட வேண்டும்.

ஆறு, கவுன்ட்டர். பிரிட்டன் அரசு தன் துறைகளின் தளங்களை ஒன்றாக்கி 2012 அக்டோபரில் புதிய தளத்தைத் தொடங்கியது. பயன்படுத்துபவரின் தேவையிலிருந்து தொடங்கு என்பதுதான் அவர்கள் வகுத்த முதல் கொள்கை. எல்லாவற்றையும் இணையத்துக்குக் கொண்டுபோகப் புறப்பட்ட அந்த அரசே, தானாகப் பயன்படுத்த முடியாதவர்களுக்குப் போனிலோ நேரிலோ உதவும் ஏற்பாடு வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. நாமும் தேதி குறித்து மூட வேண்டாம். தளத்தில் தாங்களாகவே கட்டுகிறவர்கள் எத்தனை பேர் என்று மாதாமாதம் பார்ப்போம். அதன் பிறகும் வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி நேரமாவது கவுன்ட்டர் இருக்கட்டும்.

செலவு கூடுமே என்பீர்கள். கூடும். யூஎக்ஸ் வரி உள்ள இரண்டு கொட்டேஷன்களும் அது இல்லாததைவிட அதிகம்தான். ஆனால் அந்த வரி இல்லாத தளத்துக்கு அடுத்த வருடம் திருத்தச் செலவு வரும். அதற்குள் ஆபீஸ் பையன் தினமும் பத்து வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களின் போனை வாங்கி, ஓடிபி கேட்டு, அவனே கட்டிக்கொடுப்பான். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எங்கள் வங்கிகள் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்க, நம் தளமே அதைச் சொல்லப் பழக்கிவிடும். அந்தச் செலவை எந்தக் கொட்டேஷனிலும் எழுத மாட்டார்கள்.

"பிள்ளைகள் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்" என்றும் ஒரு பேச்சு. பாதிப் பேருடைய பிள்ளைகள் வேறு ஊரில், வேறு தேசத்தில் இருக்கிறார்கள். நாம் எழுந்திருக்கும் நேரத்தில் அவர்கள் தூங்குகிறார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தாலும் சோதனைக்கு நம்மிடமிருந்து ஆட்கள் வேண்டும். வழக்கமாக இதற்கெல்லாம் "எனக்குக் கம்ப்யூட்டர் நன்றாகத் தெரியும்" என்பவர்கள்தான் முதலில் கை தூக்குவார்கள். அவர்களுக்கு நன்றி, ஆனால் அவர்கள் இரண்டாம் சுற்றுக்கு வரட்டும். எனக்குப் போனில் பேசத் தெரியும், வாட்ஸ்அப் பார்க்கத் தெரியும், வேறெதுவும் தெரியாது என்கிறவர்கள் ஐந்து பேர் முதலில் வேண்டும். ஒரு மணி நேரம் போதும், காபி உண்டு. பொதுக்குழுவுக்கு முன்னால் ஆபீஸில் உள்ள நோட்டில் பெயரும் ஃபிளாட் எண்ணும் எழுதிவிடுங்கள். எழுதவும் சிரமம் என்றால் செக்யூரிட்டியிடம் சொல்லி அனுப்புங்கள், நானே வந்து எழுதிக்கொள்கிறேன்.